கம்பு பிடிக்கக் கற்றுக்கொடுப்பவருக்கு என்ன கிடைக்கிறது?

கேள்வி: ஆசானுக்கு வணக்கம். எனக்கு 31 வயது. ஊர் குழித்துறைப் பக்கம். பாறசாலையில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். எட்டு வயதிலிருந்து எங்கள் பக்கத்துத் தற்காப்புக் கலையான அடிமுறையும், சிலம்பமும் படித்தேன். என் ஆசானுக்கு இப்போது முட்டு வலி. மாலையில் வரும் பிள்ளைகளை இனி நீ பார்த்துக்கொள் என்கிறார். இருபது பிள்ளைகள் இருப்பார்கள். எனக்கு ஆசைதான். ஆனால் நான் பெரிய வீராங்கனை இல்லை, மாவட்டப் போட்டியைத் தாண்டியதில்லை. "வேலை முடிந்து வந்து ஊர்ப் பிள்ளைகளுக்குக் கம்பு சுற்றிக் காட்டி என்ன கிடைக்கப் போகிறது?" என்று வீட்டில் கேட்கிறார்கள். என் சொந்தப் பயிற்சியும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. கற்றுக்கொடுப்பவருக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது? நேராகச் சொல்லுங்கள்.

பதில்:

மகளே,

உன் வயதில் எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன். வகுப்பை ஏற்றுக்கொள் என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்கிறேன். ஏற்பதற்கு முன்னால் ஆசானிடமும் வீட்டிலும் பேசி முடிக்க வேண்டிய சில காரியங்கள் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

முதலில் உன் பயத்தை எடுத்துக்கொள்வோம். பிள்ளைகள் வருவதற்கு முன் அரை மணி நேரம் உனக்கென்று ஒதுக்காவிட்டால் சொந்தப் பயிற்சி போகத்தான் செய்யும். வகுப்பில் செய்து காட்டுவதையே பயிற்சி என்று எண்ணிக்கொண்ட ஆசிரியர்கள் சில வருஷத்தில் இடுப்பு கனத்து, மூச்சு வாங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த அரை மணியை யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதே. அதைக் காப்பாற்றிக்கொண்டாயானால், கற்றுக்கொடுக்கத் தொடங்கிய பிறகு உன் கலை இதுவரை போகாத ஆழத்துக்குப் போகும்.

எப்படி என்று கேட்டால், அடிப்படை அடிவைப்பான ஒற்றைச்சுவட்டை நீ எட்டு வயதில் படித்தாய். இப்போது கால் தானாகப் போகிறது. எந்தக் காலில் பாரம் நிற்கிறது, திரும்பும்போது குதிகால் முதலில் எழுகிறதா, இடுப்பு முதலில் திரும்புகிறதா, மூச்சை எந்த இடத்தில் விடுகிறாய் என்பதெல்லாம் உன் உடம்புக்குத் தெரியும், சொல்லச் சொன்னால் உன் வாயில் வராது. ஏழு வயதுப் பையன் ஒருத்தன் காலைப் பின்னிக்கொண்டு விழுந்து எழுந்து, "அக்கா, எனக்கு மட்டும் ஏன் வரல்ல?" என்று கேட்பான். அப்போது அந்தச் சுவட்டை நீயே துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். ஒரு இடக்கைப் பிள்ளை வந்து சேர்ந்தால் உன் இடப்பக்கம் இத்தனை வருஷமும் எவ்வளவு சோம்பிக் கிடந்தது என்பது தெரிந்துவிடும். பிள்ளைகளைப் பார்த்து நின்று சொல்லித்தரும்போது இடம் வலம் மாற்றிச் செய்துகாட்ட வேண்டும். அது முதல் மாதம் பெரும்பாடு. மூன்றாம் மாதம் இரண்டு பக்கமும் ஒரே கனத்தில் வரத் தொடங்கும்.

இன்னொன்றும் நடக்கும். பிள்ளைகள் உன் வாயைக் காட்டிலும் உன் உடம்பைப் பார்த்துத்தான் படிக்கிறார்கள். வரிசையில் பாதிப் பேர் இடது தோளைத் தூக்கிக்கொண்டு கம்பு சுற்றினால், தோளைத் தூக்குவது யார் என்று வெளியே தேட வேண்டாம். உன் ஆசான் திருத்தாமல் விட்ட குறைகூடப் பத்து உடம்பில் ஒரே நேரத்தில் கண்ணுக்கு முன் வந்து நிற்கும். போட்டிகளுக்குப் போய்வந்த காலத்தில் எனக்குக் கிடைக்காத தேர்ச்சி கற்றுக்கொடுத்த காலத்தில்தான் கிடைத்தது. உன் கேள்விக்கு முதல் பதில் இதுதான். கற்றுக்கொடுப்பவருக்கு அவருடைய கலை இரண்டாம் முறை கிடைக்கிறது.

மாவட்டப் போட்டியைத் தாண்டவில்லை என்பதைக் குறை மாதிரி எழுதியிருக்கிறாய். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. எல்லாம் சுலபமாக வந்துவிட்டவர்களுக்கு, வராத பிள்ளையின் கஷ்டம் புரிய நாளாகும். "இதில் என்ன இருக்கு, இப்படிச் செய்" என்று மறுபடியும் அதே வேகத்தில் செய்து காட்டுவார்கள். வழுக்குப் பாறையில் விழுந்து எழுந்து ஏறியவருக்குத்தான் எங்கே கால் வைக்கக் கூடாது என்று தெரியும். ஆனால் உன் அடிப்படை சுத்தமாக இருக்க வேண்டும், அதில் சமாதானம் கிடையாது. வணக்கமுறையிலிருந்து கடைசிச் சுவடு வரை ஆசான் முன்னால் ஒரு முறை முழுதாகச் செய்து காட்டு. அவர் சொல்வதைத் திருத்திக்கொண்ட பிறகு பிள்ளைகள் முன்னால் நில்.

ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1882இல் டோக்கியோவில் ஒரு புத்தர் கோயிலின் சிறிய இடத்தில், 12 பாய் விரிக்கிற அளவே இருந்த தளத்தில், ஒன்பது பேரை வைத்துத் தொடங்கினார். அப்போது அவருக்கு 21 வயது. தொழிலால் அவர் கல்வியாளர், பின்னாளில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் பல வருஷம் தலைவராக இருந்தவர். ஒகினாவாவில் இதோசு ஆன்கோ 1901இல் கராத்தேயைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோனார். பழைய தொகுப்புகள் சிறு பிள்ளைகளுக்குக் கடினம் என்று கண்டு, அவர்களுக்காகவே எளிய தொகுப்புகளை அமைத்தார். இன்று மார்த்தாண்டத்து மாடி வகுப்புகளில்கூடப் பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் வரிசையாக நிற்கிறார்கள் என்றால், எதை முதலில் சொல்வது, எதைப் பிறகு சொல்வது என்று இப்படிப்பட்டவர்கள் உட்கார்ந்து யோசித்ததுதான் காரணம். நம் அடிமுறையில் அந்த வேலை இன்னும் நிறையப் பாக்கி இருக்கிறது என்பது என் எண்ணம். ஒவ்வொரு ஆசானும் தான் படித்த வரிசையில் சொல்லித்தருகிறார். ஏழு வயதுக்கு எது, பத்து வயதுக்கு எது, பதினான்கு வயதுக்கு எது என்று பார்த்துப் பார்த்து ஒழுங்குபடுத்த உன் மாதிரி ஒருத்தி வேண்டும். அதைச் செய்தால் அதில் உனக்கு ஒரு நிறைவு வரும், அது பதக்கத்துக்குக் குறைந்தது இல்லை.

சரி, பிள்ளைகளுக்கு வருவோம். 'தற்காப்புக் கலை படித்தால் ஒழுக்கம் வரும்' என்று எல்லா நோட்டீசிலும் போடுகிறார்கள். அது தானாக வருவதில்லை. அமெரிக்காவில் மைக்கேல் டிரல்சன் என்பவர் 1986இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். தவறான வழியில் போய்க்கொண்டிருந்த 13 முதல் 17 வயதுப் பிள்ளைகள் 34 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு டேக்வாண்டோவை அதன் பழைய முறைப்படி, தியானம், மரியாதை, ஒழுக்கநெறி எல்லாவற்றோடும் சொல்லித்தந்தார்கள். இரண்டாவது குழுவுக்குச் சண்டை நுட்பம் மட்டும். மூன்றாவது குழுவுக்குச் சாதாரண ஓட்டமும் விளையாட்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் குழுவில் மூர்க்கமும் பதற்றமும் குறைந்து தன்மதிப்பு கூடியிருந்தது. இரண்டாவது குழுவில் மூர்க்கம் முன்பைவிட அதிகமாகியிருந்தது. அதே உதை, அதே குத்துதான். 34 பேர் என்பது சிறிய கணக்கு. ஆனால் பயிற்சிக்களமான களரியில் நான் கண்டதும் இதோடு ஒத்துப்போகிறது. வணக்கம் வைக்காமல், ஆறி நிற்கக் கற்றுக்கொடுக்காமல், அடியை மட்டும் சொல்லித்தந்த இடங்களிலிருந்து வந்த பிள்ளைகளை நேராக்க ரொம்ப நாள் பிடிக்கும்.

2004இல் வந்த இன்னொரு ஆய்வில் கிம்பர்லி லேக்ஸ், வில்லியம் ஹாய்ட் என்ற இருவர் பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று மாதம் டேக்வாண்டோ வகுப்பு வைத்துப் பார்த்தார்கள். அந்த வகுப்பில் பிள்ளைகள் தங்களையே கேட்டுக்கொள்ள மூன்று கேள்விகளைப் பழக்கினார்கள். நான் எங்கே இருக்கிறேன்? என்ன செய்துகொண்டிருக்கிறேன்? என்ன செய்ய வேண்டும்? வழக்கமான உடற்பயிற்சி வகுப்புக்குப் போன பிள்ளைகளைவிட இவர்களிடம் தன்னடக்கமும் வகுப்பறை நடத்தையும் தேறின, மனக்கணக்குகூடத் தேறியது. அந்த மூன்று கேள்வியையும் நான் தமிழில் அப்படியே எடுத்துக்கொண்டேன். ஒரு பையன் கம்பை வைத்து மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றால் அதட்டுவதில்லை. "மக்களே, இப்போ நீ எங்க நிக்க?" என்று மட்டும் கேட்பேன். நீயும் செய்து பார்.

முன்பு என்னிடம் ஒரு பையன் வந்தான். ஜோடிப் பயிற்சியில் யாரோடு நிறுத்தினாலும் வேண்டுமென்றே அழுத்தி அடிப்பான். அவனை வகுப்பிலேயே மிகச் சிறிய பிள்ளையோடு ஜோடி சேர்த்தேன். சின்னவன் அடிப்பான், இவன் தடுக்க வேண்டும். இவன் வீசும்போது கம்பு சின்னவனின் தோளுக்கு ஒரு விரல் தூரத்தில் நிற்க வேண்டும். தொட்டால் அன்றைக்கு அவனுக்குக் கம்பு கிடையாது. ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அடிப்பதைவிட அடியை நிறுத்துவதற்குத்தான் அதிக பலம் வேண்டும் என்று அவன் உடம்பு தெரிந்துகொண்டது. பிறகு ஒரு கோயில் கொடையில் இளவட்டங்கள் மோதிக்கொண்டபோது, இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் போய்க் கையை ஓங்காமல் நின்று பிரித்துவிட்டவன் அவன்தான். அதை மற்றவர்கள் சொல்லிக் கேட்ட அன்று எனக்கு உண்டான சந்தோஷத்தை உன் வீட்டார் கேட்கிற 'என்ன கிடைக்கும்' கணக்கில் எங்கே எழுதுவது என்று தெரியவில்லை. ஆனால் அது எனக்குக் கிடைத்தது.

வாயைத் திறக்காத ஒரு பெண்பிள்ளையும் இருந்தாள். வீட்டில் மலையாளம், இங்கே தமிழ் மீடியம் பள்ளி, இரண்டுக்கும் நடுவில் ஒடுங்கிப் போயிருந்தாள். நம் எல்லையில் இது உனக்குப் புதிது இல்லை. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்று நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தன, நெய்யாற்றின்கரை கேரளப் பக்கம் நின்றது. சுவடுகள் அந்த எல்லைக்கோட்டைக் கண்டுகொள்ளவில்லை. தெக்கன் களரி என்று அங்கே சொல்வதும் அடிமுறை என்று இங்கே சொல்வதும் அகத்தியரையே குருவாக வைத்து வணங்குகின்றன, இரண்டு பக்கமும் ஆசான் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தப் பிள்ளைக்கு, சுவடு வைக்கும்போது சொல்கிற கட்டளைச் சொற்களான வாய்த்தாரியைச் சொல்லும் வேலையைக் கொடுத்தேன். அவள் மலையாளத்தில் சொல்வாள், வரிசை முழுக்க அந்தச் சொல்லுக்குக் கால் எடுத்து வைக்கும். தன் குரலுக்கு இத்தனை பேர் அசைகிறார்கள் என்று கண்ட பிறகு, அந்தக் குரல் பள்ளிக்கூடத்திலும் கேட்கத் தொடங்கியது என்று அவள் அம்மா வந்து சொன்னார்.

உனக்குக் கிடைக்கப் போவதில் மிகப் பெரியது என்று நான் நினைப்பது, மனிதர்களைப் படிக்கிற கண். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

முதல் மாதமே பையன்கள் உன்னிடம் கேட்பார்கள், "அக்கா, வர்மம் எப்போ சொல்லித்தருவீங்க?" என்று. போனில் எதையாவது பார்த்துவிட்டு வருவார்கள். உடம்பில் அடிபடக் கூடாத இடங்களான 108 வர்மம், அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று எண்ணிக்கை இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதை யாருக்கு, எப்போது சொல்வது என்பதில்தான் ஆசானின் வேலையே இருக்கிறது. பழைய ஆசான்கள் வருஷக்கணக்காக ஒரு மாணவனைப் பார்ப்பார்கள். தோற்றபோது அவன் முகம் எப்படிப் போகிறது, தன்னைவிட எளியவனிடம் எப்படி நடக்கிறான், வீட்டில் தாயிடம் எப்படிப் பேசுகிறான் என்றெல்லாம் கவனித்துவிட்டு, அடிபட்டவனை மீட்கிற அடங்கலையும் இளக்குமுறையையும் சேர்த்தே சொல்வார்கள். அடியை மட்டும் தெரிந்தவனை அவர்கள் படித்தவனாகவே எண்ணியதில்லை. நீ பிள்ளைகளுக்கு வர்மம் சொல்லித்தர வேண்டாம், ஒன்றுகூட வேண்டாம். மருத்துவப் பக்கத்தில் ஆர்வம் இருக்கிற பிள்ளை இருந்தால் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மாதிரி முறையான படிப்பைக் காட்டிவிடு. ஆனால் அந்தக் கவனிப்பை மட்டும் பழைய ஆசான்களிடமிருந்து அப்படியே எடுத்துக்கொள்.

யோசித்துப் பார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வருஷத்துக்கு ஒருவர் மாறுவார். ட்யூஷன் டீச்சர் மதிப்பெண்ணைப் பார்ப்பார். ஒரு பிள்ளையின் ஏழு வயதிலிருந்து பதினாறு வயது வரை, வாரத்துக்கு மூன்று நாள், அவனுடைய கால் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பது வீட்டாரை விட்டால் நீ ஒருத்திதான். அப்பா லீவு முடிந்து வளைகுடாவுக்குத் திரும்பிப்போன வாரம் அவன் சுவட்டில் தெரியும். அம்மா விடியுமுன்பே ரப்பர் பால் வெட்டப் போகிற வீட்டில் காலை ஆகாரம் சாப்பிடாமல் பள்ளிக்கு வந்த பிள்ளை எது என்று மாலையில் அதன் கை நடுக்கத்தில் தெரியும். வளரும் வயதில் திடீரென்று கை கால் நீண்டு, நன்றாக வந்துகொண்டிருந்த சுவடெல்லாம் குழம்பும். பையன் தனக்குத் திறமை போய்விட்டது என்று நினைத்துக்கொள்வான். "ஒண்ணுமில்ல, எலும்பு வளருது, ஆறு மாசத்துல சரியாயிரும்" என்று அவனிடம் சொல்ல ஒருவர் வேண்டும். இதையெல்லாம் பார்க்கப் பழகிய கண் களரியோடு நிற்காது. உன் லேபுக்கு ரத்தம் கொடுக்க வந்து பயந்து உட்கார்ந்திருப்பவரை நீ பார்க்கிற விதமும் மாறும், எழுதி வைத்துக்கொள்.

நீ பெண் என்பதால் கூடுதலாக ஒன்றைச் செய்ய முடியும். 12, 13 வயதில் பெண்பிள்ளைகளை வகுப்பிலிருந்து நிறுத்திவிடுவார்கள். ஆண் ஆசான் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வீட்டில் யோசிப்பார்கள். நீ முன்னால் நின்றால் அந்தப் பிள்ளைகள் தொடர்ந்து வருவார்கள். கேரளத்து வடகரையில் மீனாட்சி அம்மா ஏழு வயதில் களரிக்குள் கால் வைத்து, முதுமையிலும் கற்றுக்கொடுப்பவர். 2017இல் பத்மஸ்ரீ வாங்கினார். அவர் களரியில் பெண்பிள்ளைகள் ஏராளம். அது வடக்கன் முறை, நம் முறை வேறு. ஆனாலும் உன் வீட்டாருக்குக் காட்ட அவரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் இதில் தளர்வு கூடாது. பிள்ளையின் நிலையைத் திருத்தத் தொட வேண்டியிருந்தால் கேட்டுவிட்டுத் தொடு, முடிந்தவரை கம்பின் நுனியால் காட்டு. பெரியவர் யாரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக அடைத்த இடத்தில் இருக்கக் கூடாது, உன் ஆசானுக்கும் அதே விதிதான். ஒரு பிள்ளைக்குத் தப்பு நடந்தது தெரிந்தால் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். ஆடி மாதம் களரிகளில் உழிச்சில் என்கிற எண்ணெய்த் தடவல் வழக்கம் உண்டு, சிறு பிள்ளைகளைக் காலால் மிதித்து உழிவதை அனுமதிக்காதே. கம்போடு நிற்கும்போது இரண்டு பிள்ளைகள் கை நீட்டினாலும் கம்பு நுனிகள் தொடாத இடைவெளி வேண்டும், கண்ணில் பட்டால் திரும்ப வராது. தலையில் அடி பட்டால் அன்றைக்குப் பயிற்சி முடிந்தது. வாந்தியோ தூக்கக் கலக்கமோ வந்தால் உடனே ஆஸ்பத்திரி. எலும்பு முற்றாத பிள்ளைகளைச் சுவரிலும் மரத்திலும் குத்திப் பழக விடாதே.

பணம். வடகரையில் மீனாட்சி அம்மாவின் களரியில் கட்டணம் கிடையாது, மாணவர்கள் தட்சிணை வைக்கிறார்கள். பெரிய விஷயம், வணங்குகிறேன். ஆனால் நீ மாதக் கட்டணம் வாங்கு என்பேன். இலவசமாகத் தொடங்கினால் மழை வந்தால் வரமாட்டார்கள், கல்யாணம் வந்தால் வரமாட்டார்கள், நீ லீவு போட்டுவிட்டு வந்து காலியான முற்றத்தில் நிற்பாய். நமக்கோ இரண்டு மழையும் உண்டு. கட்டணம் சிறியதாக இருக்கட்டும். அதில் ஒரு பங்கு மாதம் தவறாமல் ஆசான் கைக்குப் போகட்டும். கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளையிடம் வாங்காதே, வாங்கவில்லை என்பது அந்த அம்மாவுக்கும் உனக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

சில பெற்றோர் சான்றிதழுக்காகவே வருவார்கள். தமிழ்நாட்டில் அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் 2021இல் சிலம்பத்தையும் சேர்த்தார்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இருந்தது. களரிப்பயற்று அதற்கு முன்பே, 2022இல் ஹரியானாவில் நடந்தபோது உள்ளே வந்துவிட்டது. இதெல்லாம் நல்லதுதான், பிள்ளைகளுக்கு ஒரு வழி திறக்கிறது. அவர்களைப் போட்டிக்குக் கூட்டிப்போ. ஆனால் பணம் கட்டினால் எல்லாருக்கும் கோப்பை என்கிற போட்டிகள் இருக்கின்றன, அவற்றுக்குப் போகாதே. எந்தச் சான்றிதழ் எதற்குச் செல்லும் என்று முதலில் விசாரித்துவிட்டுப் பெற்றோரிடம் உள்ளதை உள்ளபடி சொல். அப்புறம், கல்யாண வரவேற்புக்கும் கட்சி ஊர்வலத்துக்கும் பிள்ளைகளை அனுப்பச் சொல்லி ஆள் வரும். வெயிலில் மூன்று மணி நேரம் நிற்கவைத்து ஒரு பிரியாணிப் பொட்டலம் கொடுப்பார்கள். முடியாது என்று சொல்லப் பழகிக்கொள்.

வலிக்கிற ஒன்றையும் மறைக்கக் கூடாது. நன்றாக வரும் பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் போய்விடுவார்கள். ட்யூஷன், பரீட்சை, பிறகு நாகர்கோவில், திருவனந்தபுரம், கோயம்புத்தூர் என்று கல்லூரி. ஒற்றைச்சுவட்டுக்கு அடுத்த கட்டமான கூட்டச்சுவடுக்குத் தயாராகி நிற்கும்போது வந்து, "அடுத்த மாசம் முதல் வரமாட்டேன் அக்கா" என்பான். அந்த இரவு உனக்குத் தூக்கம் வராது. திரும்பி வருவான் என்று நான் சொல்லமாட்டேன், பெரும்பாலும் வருவதில்லை. ஷார்ஜாவில் வேலை பார்க்கும் ஒருவன் எப்போதாவது போன் போடுவான். எட்டுப் பேர் தங்குகிற அறையில், கட்டிலுக்கு நடுவே இருக்கிற சந்தில் ஒற்றைச்சுவடு வைக்கிறானாம், அன்றைக்கு மட்டும் உடம்பு தன்னுடையதாக இருக்கிறதாம். அவன் ஒரு கோப்பையும் வாங்கியதில்லை. அவனுக்கு நான் கொடுத்தது அந்தச் சந்துக்குள்ளும் பிடித்துக்கொள்கிற அளவுக்கு உதவுகிறது என்று கேட்கும்போது, போனவர்களைப் பற்றிய வருத்தம் எனக்குக் குறைந்துவிடுகிறது.

இனி உன் ஆசான். முட்டு வலித்தால் களரியை விட்டு அனுப்பிவிடாதே. வகுப்பு நடக்கும்போது அவருக்கு ஒரு நாற்காலி போடு. கால் போனாலும் கண் போகவில்லை. வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இன்று யாரிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேள். இத்தனை வருஷம் உன்னை மாணவியாக வைத்துப் பேசியவர், முதல் முறையாகக் கூட நிற்பவளாக வைத்துப் பேசுவார். அவர் ஏன் உன்னிடம் அந்த வயதில் அப்படி நடந்துகொண்டார், ஏன் ஒரு வருஷம் வெறும் சுவடே வைக்கச் சொன்னார் என்பதெல்லாம் அப்போது வெளிவரும். அவருடைய வாய்த்தாரியை முழுதாகப் போனில் பதிவு செய்து வை. சொல் மாறினாலும் பரவாயில்லை, அவர் எங்கே இழுக்கிறார், எங்கே வெட்டுகிறார் என்பது எழுத்தில் வராது. முழங்காலை எலும்பு மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுத்துவிடு. எண்ணெய் போதும் என்பார், கேட்காதே. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாய், கூட்டிக்கொண்டு போவது உனக்குச் சுலபம்.

வீட்டில் என்ன சொல்வது? நாளை ஒதுக்கிச் சொல். வாரத்தில் இரண்டு மாலை, ஞாயிற்றுக்கிழமை காலை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் ஷிப்ட் மாறினால் யார் பார்ப்பது என்பதற்கு மூத்த மாணவர் ஒருவரை இப்போதே தயார் செய். ஆறு மாதம் பார்க்கிறேன், உடம்போ வேலையோ கெட்டால் விட்டுவிடுகிறேன் என்று சொல், சொன்னபடி ஆறாவது மாதம் அவர்களோடு உட்கார்ந்து பேசு. ஒரு ஞாயிறு அவர்களையே கூட்டிவந்து ஓரமாக உட்காரவை. கேள்வி கேட்பவர்கள் பெரும்பாலும் வகுப்பைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இப்போது ஆடி. வாவுபலிப் பொருட்காட்சிக் கூட்டம் குழித்துறையில் ஓயட்டும். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மனும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் குழித்துறை, களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் போவது வரைக்கும் உனக்கு நேரம் இருக்கிறது. அதுவரை நீ சொல்லித்தர வேண்டாம். வகுப்பு நாட்களில் ஆசான் பக்கத்தில் நின்று பார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் என்று நோட்டுப் போட்டு, எந்தக் கால் பலம், எப்போது மூச்சு வாங்குகிறது, யாரோடு நின்றால் சிரிக்கிறது, பழைய காயம் எங்கே இருக்கிறது, வீட்டில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதிக்கொள். விஜயதசமி அன்று பிள்ளைகளை ஆசானுக்கு வணக்கம் வைக்கச் சொல்லிவிட்டு நீ வரிசையின் முன்னால் போய் நில். முதல் மூன்று மாதம் புதிய பிள்ளை யாரையும் சேர்க்காதே, இருக்கிற இருபது பேரே உனக்குக் கை நிறைய வேலை கொடுப்பார்கள். தை பிறந்ததும் எப்படிப் போகிறது என்று எழுது. அந்த இடக்கைப் பிள்ளை வந்து சேர்ந்துவிட்டால் அதற்கு முன்பே எழுது, இடப்பக்கச் சுவடுகளை எந்த வரிசையில் வைக்கலாம் என்று நான் குறித்து வைத்திருப்பதை உனக்கு அனுப்புகிறேன்.